கீலும் ரோஜாவும்

பாம்பன் ரெமிஜியுஸ் கொண்டுவந்த பெட்டியில்
ஒரு கம்பளிக் காலுறைக்குள் இருந்தது புட்டி,
சாக்லேட்டுக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் நடுவே.

லேபிள் கோணல்.
அதனால்தான் உனக்குக் கிடைத்தது என்றாய்.
நேராக ஒட்டியிருந்தால் உன் ஒரு நாள் கூலி.
இங்கே பத்துக் கிலோ நண்டு,
கால் ஒடிந்ததைக் கழித்துவிட்டு.

"படுக்க வை. நிறுத்தாதே.
இருட்டில் வை, குளிரில் வை.
பத்து வருஷம் தொடாதே."

தங்கச்சிமடத்தில் குளிர் எங்கே இருக்கிறது, இன்னாசி?
ஐஸ் கம்பெனியில் கேட்டேன்.
இறாலுக்கே இடமில்லை, சாராயத்துக்கா என்றார்.
சாராயமில்லை அண்ணே, பரோலோ.
"பரோலா? எந்த ஜெயில்ல இருக்கான்?"

கொல்லையில் ஊற்றுத் தோண்டிய இடத்தில்
முழங்கை ஆழத்துக்குக் கீழே
மணல் எப்போதும் சில்லென்றிருக்கும்.
அங்கே படுக்க வைத்தேன்.
புதைப்பது போலிருந்ததால்
அடையாளத்துக்குக்கூடக் குச்சி நடவில்லை.

நீ போனில் அந்த ஊரைச் சொல்லிக்கொண்டே இருந்தாய்.
மற்றத் திராட்சையெல்லாம் கூடைக்குப் போன பிறகும்
இது மட்டும் கொடியில் நிற்குமாம்,
ஐப்பசியில் மலையை மூட்டம் மூடும்வரை.
மூட்டத்தின் பேரைத்தான்
பழத்துக்கும் வைத்திருக்கிறார்களாம், நெப்பியோலோ.
பறித்து, பிழிந்து, மரப்பீப்பாயில் அடைத்து
மூன்று வருஷம் சும்மா இருப்பார்களாம்.
சும்மா இருக்கக் காசு வேண்டும்
என்று நான் சொன்னதற்குச் சிரித்தாய்.

எனக்குத் தெரிந்த மூட்டம்
தை மாதத்தில் பாலத்தை விழுங்குவது.
கடலில் கோடு எப்போதும் தெரியாது,
அன்றைக்குக் கரையும் தெரியவில்லை.
உன்னை மூன்று மாதத்தில் விமானத்தில் அனுப்பிவிட்டார்கள்.
படகுக்கு விமானம் இல்லை.
அது மயிலிட்டியில் கட்டிக் கிடந்தது,
வட்டி மட்டும் தினமும் கரைக்கு வந்தது.
நீ கிளம்பினாய்.

ஒருநாள் படம் அனுப்பினாய்:
உள்ளங்கையில் மண், மண்ணுக்குள் ஒரு சிப்பி.
"கொடிக்கு அடியில கிடந்துச்சு கித்தேரி.
இது பூராவும் ஒரு காலத்துல கடலாம்.
வத்திப்போச்சாம்.
கடல் சேத்துலதான் இந்தக் கொடி நிக்குது."
கடலை விட்டு அவ்வளவு தூரம் ஓடி
கடலின் தரையிலேயே கூலிக்கு நிற்கிறாய்.
நான் இதை உன்னிடம் சொல்லவில்லை.

நேற்று சங்கத்திலிருந்து ஆள் வந்தது.
படகை அரசுடைமை ஆக்கிவிட்டார்களாம்.
ஆக்க ஒன்றும் மிச்சமில்லை,
அடிப்பலகை மக்கி
ஒரு பக்கமாகத் தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டதாம்.

பத்தில் மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.
தோண்டினேன்.
வலை பின்னும் ஊசியால் தக்கையைக் குத்த
பாதி உடைந்து உள்ளே விழுந்தது.

ரத்தம் போலிருக்கும் என்று நினைத்திருந்தேன்.
இல்லை. புதுச் செங்கல் கழுவிய தண்ணீர்.
எவர்சில்வர் டம்ளரில் ஒரு வாய்.
மாதுளைத் தோலைக் கடித்ததுபோல் துவர்த்து
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
நம் வெயிலில் கெட்டுப்போயிருக்கலாம்,
எனக்கு எப்படித் தெரியும்?
துப்பிவிடலாமா என்று டம்ளரைக் குனிந்து பார்த்தபோது
முதலில் ரோஜா வந்தது,
சப்பரம் இறங்கி இரண்டு நாள் கழித்து
கோயில் மூலையில் கிடக்குமே, அந்த ரோஜா.

அதற்குப் பின்னால், கீல்.

தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி
பலகை இடுக்கில் பஞ்சு திணித்து
நீ காய்ச்சி ஊற்றும் கீல்.
பனியனில், புறங்கையில், தலையணையில்
ஒரு வாரம் போகாத கீல்.

உடனே உனக்குப் போன் போட்டேன்.
"திறந்துட்டியா? எப்படி இருக்கு?"
படகு வந்திருச்சு என்றேன்.

நீ ஒன்றும் பேசவில்லை.
பின்னால் யாரோ கொடிகளுக்கு இடையிலிருந்து
அந்த ஊர்ப் பேச்சில் கூப்பிட்டார்கள்,
இன்யாட்சியோ, இன்யாட்சியோ என்று.
அது நீதான் என்று எனக்குப் புரிய
கொஞ்ச நேரம் ஆனது.